சுங்கை சிப்புட் கணக்கியல் வகுப்பு: வணிகப் பிரிவில் படிக்காதவர் சேரலாமா?

பட்டயக் கணக்காளர் ஆவதற்குப் பள்ளியிலேயே வணிகப் பிரிவை எடுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் தோட்டப்புற ஊர்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் நடக்கும் வார இறுதி வகுப்போ, அந்த எண்ணத்தை ஏற்காதவர்களை நம்பியே நடக்கிறது. பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஏசிசிஏ என்னும் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தொடக்கத் தாள்களுக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்துவது இதன் வேலை. நான் இரசாயனத்தில் பட்டம் பெற்று, செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவன். இங்கே படித்துத்தான் முதல் மூன்று தாள்களையும் முடித்தேன். கணக்கியலின் அடித்தளத்தை இங்கே மிக நன்றாகப் போடுகிறார்கள். ஆனால் பட்டயக் கணக்காளராகும் வழியில் மெய்யான தடை எங்கே நிற்கிறது என்பதைக் கட்டணம் வாங்குவதற்கு முன் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் தகுதி பற்றிய விதிகளைப் பார்த்துவிடலாம். தற்போதைய பாடத்திட்டப்படி ஏசிசிஏ தகுதிக்கு 13 தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் தேர்ச்சி மதிப்பெண் 50. எந்தத் துறையில் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவரும் இதில் நேரடியாகப் பதிந்துகொள்ளலாம். கணக்கியல் பட்டதாரிக்கு 9 தாள்கள் வரை விலக்குக் கிடைக்கக்கூடும் என்பதும், என்னைப் போன்றவர் முதல் தாளிலிருந்தே எழுத வேண்டும் என்பதும்தான் வேறுபாடு. அதாவது, வணிகம் படிக்காததற்கு நாம் கொடுக்கும் விலை காலமும் தேர்வுக் கட்டணமுமே தவிர, கதவடைப்பு அன்று. ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். மட்டும் முடித்தவர்களுக்கு அடிப்படைநிலைத் தாள்கள் தனியாக உண்டு. அந்த வரிசையின் கடைசி மூன்று தாள்களில் தேறினால், 13-இல் முதல் மூன்று தாள்கள் முடிந்ததாகக் கணக்கில் கொள்ளப்படும். தமிழ்நாட்டு உறவினர்கள் சொல்லும் இந்தியப் பட்டயக் கணக்காளர் விதிகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு கழகம், வேறு சட்டம்.

இவ்வகுப்பின் சிறப்பு அதன் ஆசிரியரிடம் இருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து, செக்ரோல் என்னும் ஆள்பதிவுப் புத்தகத்தில் கூலிக் கணக்கு எழுதிப் பழகி, பிற்பாடு தொழில்முறைத் தேர்வுகளை எழுதித் தேறியவர் அவர். எந்தப் பாடத்தையும் வரையறையிலிருந்து தொடங்குவதில்லை. பற்று, வரவு என்ற இரண்டில்தான் புதியவர் முதலில் தடுக்கி விழுவார். வங்கியில் பணம் போட்டால் வங்கி அறிக்கையில் அது வரவு என்று வருகிறது, பாடப்புத்தகமோ அதைப் பற்று என்று எழுதச் சொல்கிறது, இதில் எது சரி என்று எல்லா அணியிலும் ஒருவராவது கேட்பார். வங்கி தன் புத்தகத்தை எழுதுகிறது, நீங்கள் உங்கள் புத்தகத்தை எழுதுகிறீர்கள், உங்கள் பணம் வங்கிக்குக் கடன் என்று விளக்கிவிட்டு, ஒரே பரிவர்த்தனையை இரு தரப்பிலிருந்தும் பலகையில் எழுதிக் காட்டுகிறார். அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்களுக்கு இரட்டைப் பதிவு முறை எதிர்பார்த்ததைவிட விரைவில் பிடிபடுகிறது. ஆலைக்குள் போன குலையின் எடையை எண்ணெய், பருப்பு, சக்கை, நீராவி என்று பிரித்து இரு பக்கமும் சரிக்கட்டிப் பழகியவனுக்கு, பேரேட்டின் இரு பக்கமும் சமமாக வேண்டும் என்பது புதிய சட்டமாகத் தோன்றவில்லை.

கூட்டல் கழித்தல் எங்களுக்குப் பெரிதாகத் தொல்லை தரவில்லை. எதை எந்த வகையில், எந்த ஆண்டில் வைப்பது என்ற தீர்ப்பில்தான் தடுமாறினோம். இவ்விடத்தில் ஆசிரியர் கையாளும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் நம் ஊர்ச் சரக்கு. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு மாதத்துக் கூலியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும். அப்படியானால் ஜனவரி 7-ஆம் தேதி பட்டுவாடா ஆகும் டிசம்பர்க் கூலி எந்த ஆண்டின் செலவு? வேலை டிசம்பரில் நடந்ததால் செலவும் டிசம்பருடையது; ஆண்டு முடிவில் அது கொடுக்கவேண்டிய கடனாக நிற்கும். அப்பாவின் கூலி நாளை வைத்து இந்தப் பாடத்தைப் படித்தவர் தேர்வில் இதைத் தவறவிட மாட்டார். உரத்தைப் பற்றிய பாடம் இன்னும் நுட்பமானது. காய்க்காத இளங்கன்றுக்கு இட்ட உரத்தின் விலை தோட்டத்தின் சொத்து மதிப்போடு சேர்கிறது. காய்க்கும் மரத்துக்கு இட்ட அதே உரம் அந்த ஆண்டின் செலவாகிறது. மூட்டை ஒன்று, விலையும் ஒன்று, கணக்கு மட்டும் இரண்டு.

செம்பனை மரத்தையே கணக்கியல் எப்படிப் பார்க்கிறது என்ற பாடம், உண்மையில் தொடக்கத் தாள்களுக்கு வேண்டியதில்லை. அடுத்த நிலையில் நிதி அறிக்கைத் தாளில்தான் வரும். இருந்தும் அவர் அதைச் சொல்லித்தருகிறார். 2016-இல் பன்னாட்டு அளவில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, செம்பனை, ரப்பர் போன்ற மரங்கள் இயந்திரங்களும் கட்டடங்களும் அடங்கும் ஐ.ஏ.எஸ். 16 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைக்குள் சேர்ந்துவிட்டன. மரத்தில் தொங்கும் காய் மட்டும் உயிருள்ள சொத்தாக ஐ.ஏ.எஸ். 41-இல் தங்கிவிட்டது. மலேசியாவில் இவற்றுக்கு நிகரானவை எம்.எப்.ஆர்.எஸ். எனும் மலேசிய நிதி அறிக்கைத் தரநிலைகளில் 116, 141. “சார், மரம் எப்படி மெஷின் ஆகும்?” என்று ஒரு மாணவி கேட்டபோது, “ஏறக்குறைய மூன்றாம் வருசத்திலிருந்து காய்க்கிறது, சுமார் இருபத்தைந்து வருசத்தில் வெட்டிச் சாய்க்கிறோம். நடுவில் அதை விற்கிறோமா, காயை விற்கிறோமா?” என்று திருப்பிக் கேட்டார். தேய்மானம் என்ற கருத்து அன்று வகுப்பு முழுவதற்கும் விளங்கிவிட்டது.

பங்கு மூலதனப் பாடத்திலும் இதே போக்குத்தான். இவ்வூரில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடக்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பலர் பங்கு வைத்திருக்கிறார்கள். உறுப்பினர் போட்ட பணம் ஏன் சங்கத்தின் வருமானமாகாது, உறுப்பினருக்குத் தரும் இலாப ஈவு ஏன் செலவாகாது என்பதை அந்தப் பங்கிலிருந்தே தொடங்கி விளக்கினார்.

மற்ற விவரங்கள் சுருக்கமாக: மாதக் கட்டணம் 150 வெள்ளி (ரிங்கிட்), அச்சிட்ட குறிப்புகள் அதில் அடங்கும். அறை சிறியது, குளிர்சாதனம் பிற்பகலில் தோற்றுவிடுகிறது. விளக்கம் தமிழும் ஆங்கிலமும் கலந்து நடக்கிறது. பயிற்சிக் கணினிகள் சில பழையவை. தேர்வு முழுக்கக் கணினியில் நடப்பதால் இதைச் சிறு குறையாக விட முடியாது. முதல் மூன்றில் ஒன்றான நிதிக் கணக்கியல் தாளில் 35 சிறுவினாக்களும் இரண்டு பெருவினாக்களும் இரண்டு மணி நேரத்தில் முடிக்கப்பட வேண்டும். பெருவினாக்களில் எண்களைத் திரையில் கட்டம் கட்டமாக நிரப்பிப் பழகாதவர் நேரத்தை இழப்பார். ஏசிசிஏ பதிவு, ஆண்டுச் சந்தா முதலியவற்றைத் தனியே பவுண்டில் கட்ட வேண்டும் என்பதால், ரிங்கிட்டின் மதிப்பு இறங்கும் மாதத்தில் கட்டினால் செலவு கூடும். இதை முன்கூட்டியே சொன்னதற்காக நிர்வாகத்தைப் பாராட்டலாம்.

இனி குறைகள். தொடக்கத் தாள்கள் எண்ணையும் தெரிவுவினாவையும் நம்பியவை. தணிக்கை, நிதி அறிக்கை போன்ற அடுத்த நிலைத் தாள்களில் ஆங்கிலத்தில் காரணம் காட்டி எழுத வேண்டும். இவ்வகுப்பில் எழுத்துப் பயிற்சி அறவே இல்லை. தமிழ்ப்பள்ளியிலும் பிறகு மலாய்மொழி இடைநிலைப் பள்ளியிலும் படித்து வந்த மாணவர்களுக்கு மிகவும் தேவைப்படும் உதவி இதுதான்; முதல் மூன்று தாள்களில் உயர்ந்த மதிப்பெண் வாங்கிய இருவர் அடுத்த நிலையில் தடுமாறியதற்கு இதையே நான் காரணமாகக் கருதுகிறேன்.

இரண்டாவது குறையே எனக்குப் பெரிதாகப்படுகிறது. வகுப்பின் விளம்பரத் தட்டியில் பட்டயக் கணக்காளர் என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் 13 தாள்களிலும் தேறியவர் அன்றே பட்டயக் கணக்காளர் ஆகிவிடுவதில்லை. ஏசிசிஏ உறுப்பினராவதற்கு 36 மாத மேற்பார்வையுடன் கூடிய பணி அனுபவமும், நெறிமுறை பற்றிய தனிப் பாடமும் வேண்டும். அதன்பின் 1967-ஆம் ஆண்டு கணக்காளர் சட்டப்படி அமைந்த மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்த பிறகே இந்நாட்டில் அப்பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியும். கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட அதற்கு மேலும் ஓர் உரிமம் வேண்டும். அந்த அனுபவத்தை எங்கே பெறுவது? டோவன்பி, ஹீவுட் என்று தோட்டப் பெயரைச் சொல்லியே ஊரைக் குறிப்பிடும் எங்கள் வட்டாரத்தில் தணிக்கை நிறுவனங்கள் மிகச் சில; பெரும்பாலோர் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போயாக வேண்டும். வணிகப் பட்டதாரிக்குப் பல்கலைக்கழகமே தொழிற்பயிற்சி இடத்தைத் தேடித் தருவதுண்டு. நமக்கு அந்தக் கைப்பிடி இல்லை. இவ்வகுப்பும் அதற்கு மாற்றாக எதையும் செய்வதில்லை. முன்னாள் மாணவர்கள் எங்கே பணிபுரிகிறார்கள் என்ற பட்டியல்கூட அலுவலகத்தில் இல்லை.

ஆய்வுக்கூட வேலையிலிருந்து ஆலையின் கணக்குப் பிரிவுக்கு மாற்றம் கேட்டுப் பெற்ற பிறகுதான் எனக்கு இந்தச் சிக்கல் தீரத் தொடங்கியது. அனுபவம் தணிக்கை நிறுவனத்தில்தான் கிடைக்க வேண்டும் என்று ஏசிசிஏ விதிப்பதில்லை. தகுதியுள்ள கணக்காளர் ஒருவர் மேற்பார்வையிட்டு உறுதி செய்யக்கூடிய பொருத்தமான கணக்கு வேலையாக இருந்தால் ஏற்கப்படும். வணிகம் படிக்காத, ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒருவருக்கு இந்த விதி எத்தனையோ பாடக் குறிப்புகளைவிடப் பயனுள்ளது. வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. கழகத்தின் விதிகளைப் படித்து நானே கண்டுகொண்டேன்.

எஸ்.பி.எம். முடித்து, கணக்கியலே தெரியாமல் வருகிறவருக்கு இவ்வகுப்பை முதல் மாதத்திலிருந்து தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பட்டதாரிகளும், ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். தேறி நேரடிப் பதிவுக்குத் தகுதி பெற்றவர்களும் அடிப்படைநிலைத் தாள்களுக்கான மாதங்களுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. இரட்டைப் பதிவுப் பாடங்களில் மட்டும் உட்கார்ந்துவிட்டு, நிதிக் கணக்கியல் தாள் தொடங்கும்போது முழுமையாகச் சேரலாமா என்று கேளுங்கள். கேட்டவர்களுக்கு அலுவலகம் மறுத்ததில்லை.