லினக்ஸ் மின்ட் புதியவருக்கு எவ்வளவு எளிது? ஒரு நீண்டகாலப் பயனரின் அனுபவம்

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் சின்னமன் பதிப்பைப் பல ஆண்டுகளாக என் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். கணினியில் பெரிய ஈடுபாடு இல்லாத உறவினர்கள் சிலருக்கும் நிறுவிக் கொடுத்து, அவர்கள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். புதியவருக்கு ஏற்றது என்று எல்லோரும் கைகாட்டும் இயங்குதளம் இது. அந்தப் பெயர் இதற்குத் தகும் என்றே நானும் சொல்வேன். ஆனால், பார்ப்பதற்கு விண்டோஸ் போல இருக்கிறது என்று பலரும் சொல்லும் காரணம் முதல் வாரத்துக்குத்தான் செல்லும். ஏதேனும் கோளாறானால் பிறர் துணையின்றிப் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறதா என்பதை வைத்தே ஒருவர் இதில் நிலைப்பதும் விலகுவதும் முடிவாகிறது.

தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெனுவும் சாளரங்களும் அடங்கிய திரை அமைப்பை டெஸ்க்டாப் என்பார்கள். 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3 என்ற லினக்ஸ் டெஸ்க்டாப், கீழ்ப்பட்டையையும் சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானையும் எடுத்துவிட்டது; அதே மாதம், மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டுவும் யூனிட்டி என்ற டெஸ்க்டாப்புக்கு மாறியது. பழகிய அமைப்பை விட மனமில்லாதவர்களுக்காக மின்ட் குழு உருவாக்கிய டெஸ்க்டாப்தான் சின்னமன். மெனு, கீழ்ப்பட்டை, கடிகாரம் எல்லாம் அன்று வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கின்றன. சலிப்பூட்டும் அளவுக்கு மாறாமல் இருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இதன் உண்மையான பலம் டைம்ஷிப்ட். 2017இல் வெளியான 18.3 பதிப்பு முதல் மின்ட்டுடனேயே வரும் இந்தக் கருவி, இயங்குதளக் கோப்புகளை ஒரு நாளின் நிலையில் அப்படியே பிரதி எடுத்து வைக்கிறது. அடுத்தடுத்த பிரதிகளில் மாறிய கோப்புகள் மட்டுமே புதிதாக இடம் பிடிக்கின்றன. உறவினர் ஒருவரின் கணினியில் வரைகலை அட்டைக்கான டிரைவரைப் புதுப்பித்தவுடன் திரை கறுத்துப்போனது. நிறுவுவதற்குப் பயன்படுத்திய அதே பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, டைம்ஷிப்டைத் திறந்து, முந்தைய நாளின் பிரதியைத் தேர்ந்தெடுத்து மீட்கும்படி தொலைபேசியிலேயே சொன்னேன். அவரே செய்து முடித்தார். கட்டளை எதையும் அவர் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு நல்ல கருவி தானாக இயங்கத் தொடங்குவதில்லை என்பதுதான் குறை. வரவேற்புத் திரை நினைவூட்டுகிறது, அப்டேட் மேனேஜரும் எச்சரிக்கிறது. புதியவர் இரண்டையும் மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். நிறுவும்போதே கேட்டு முடித்துவிட வேண்டிய கேள்வி இது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இயல்பு அமைப்பில் டைம்ஷிப்ட் நம் சொந்தக் கோப்புகளைப் பிரதி எடுப்பதில்லை. அதை நம்பிப் புகைப்படங்களை வேறெங்கும் சேமிக்காமல் இருக்கக் கூடாது.

சிறிய விஷயங்களிலும் மின்ட் குழுவின் கவனம் தெரிகிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் கடவுச்சொல்லைத் தட்டும்போது பல லினக்ஸ்களில் திரையில் எதுவுமே தோன்றாது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்றே புதியவர் நினைப்பார். மின்ட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நட்சத்திரக் குறி விழுகிறது. எச்சரிக்கைச் செய்திகளை எழுதுவதிலும் இதே அக்கறை தேவை. 2021 நவம்பரில் வந்த ஒரு காணொளியில், யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற மற்றொரு லினக்ஸில், விளையாட்டுகளுக்கான ஸ்டீம் செயலியை நிறுவப்போய், டெஸ்க்டாப்பையே நீக்கிவிட்டார். நீக்கவிருப்பவற்றின் நீண்ட பட்டியலைக் காட்டிவிட்டு, 'நான் சொல்வதைச் செய்' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் தட்டும்படி அந்தக் கணினி கேட்டது, அவரும் தட்டினார். பலர் அவரைக் கேலி செய்தார்கள். என்னைக் கேட்டால், ஸ்டீமை நிறுவ வந்தவரிடம் அப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்ததே பிழை. பின்னர் அந்த வாசல் அடைக்கப்பட்டது.

சாஃப்ட்வேர் மேனேஜரில் ஒரே செயலி சிஸ்டம் பேக்கேஜ் (இயங்குதளத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வருவது), பிளாட்பேக் (பல லினக்ஸ்களுக்கும் பொதுவாக வருவது) என்று இரு வடிவங்களில் கிடைப்பது இன்னும் குழப்பத்தையே தருகிறது. "ஏம்பா, ஒரே பேருல ரெண்டு வகை இருக்கே, எதைப் போடட்டும்?" என்று என் பெரியப்பா கேட்டது நியாயமான கேள்வி. சிஸ்டம் பேக்கேஜ் அளவில் சிறியது, சற்றுப் பழையதாக இருக்கலாம். பிளாட்பேக் புதியது, ஆனால் முதன்முறை நிறுவும்போது துணைக்கோப்புகளாகவே நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். இதை இரண்டு வரியில் அங்கேயே எழுதி வைத்திருக்கலாம். செயலியை உருவாக்கியவரே வெளியிட்டது என்று சரிபார்க்கப்படாத பிளாட்பேக்குகளை மின்ட்டின் 22ஆம் பதிப்பு இயல்பாகவே மறைத்துவிடுவது நல்ல முடிவு.

என் பொறுமையை அதிகம் சோதித்தது தமிழ்த் தட்டச்சுதான். விசைப்பலகை அமைப்பில் தமிழைத் தேடினால் தமிழ்நெட் 99 (தமிழ் 99 விசைப்பலகை முறை) என்ற பெயரிலேயே பல வரிகள் வருகின்றன: ஒன்று தமிழ் எண்களுடன், ஒன்று டேப் குறியாக்கத்தில், மற்றொன்று டிஸ்கி குறியாக்கத்தில். பின்னிரண்டும், இன்று எங்கும் பயன்படும் எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்தவை. அவற்றைத் தேர்ந்தெடுத்தவருக்கு உலாவியில் தமிழுக்குப் பதிலாக ஏதேதோ குறிகள்தான் கிடைக்கும். சரியான வரியைத் தேர்ந்தெடுத்தாலும் முழுப் பயன் இல்லை. க விசையை இருமுறை அழுத்தினால் 'க்க' என்று தானாகப் புள்ளி வைப்பது தமிழ் 99இன் அடிப்படை வசதி. ஒரு விசைக்கு ஒரு குறி என்ற அளவில் இயங்கும் இந்த அமைப்புக்கு அது தெரியாது. அதற்கு ஐபஸ் எம்17என் என்ற உள்ளீட்டு முறையைத் தனியே நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். ஒருமுறை அமைத்துவிட்டால் லிப்ரே ஆபிஸிலும் பயர்பாக்ஸிலும் சீராக இயங்குகிறது. ஆனால் அந்தப் பெயரைத் தேட வேண்டும் என்பது புதியவருக்கு எப்படித் தெரியும்? டேப், டிஸ்கி வரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலே பாதித் தடுமாற்றம் குறையும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்த பிறகு, பழைய கணினியை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு மின்ட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். 4 ஜிபி நினைவகம் இருந்தால் போதும். அதற்கும் குறைவென்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதித்துவிடுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கனை நாள்தோறும் பயன்படுத்தும் கணக்கர்கள் விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அப்படி இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் விண்டோஸை முழுமையாக அணைக்காமல் வைத்து விரைவாகத் துவக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வட்டில் விண்டோஸுக்கு ஒதுக்கிய பகுதியிலுள்ள கோப்புகளை மின்ட்டில் படிக்க மட்டும் முடியும், திருத்திச் சேமிக்க இயலாமல் போகலாம்.