எட்டு லிவர் மாங்காய்ப் பூட்டு: மூன்று மாதம் பூட்டித் திறந்த பிறகு எழுதுவது

விலை 1,650 ரூபாய். எடை, எங்கள் சமையலறைத் தராசில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சாவி என் ஆள்காட்டி விரலைவிட நீளம். சொல்லி வைத்து 17 நாள் காத்திருந்து வாங்கிய, மாங்காய் வடிவத் திண்டுக்கல் பூட்டு. நாளைக்கே பூட்டு வேண்டும் என்கிறவர்கள் பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போய்விடலாம், இதைப் படிக்க வேண்டியதில்லை.

மதுரையில் வைகைக்கு வடக்கே, வீடுகள் முடிந்து காலி மனைகள் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் வீடு. 22 வருஷமாக வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். வீட்டுக்காரர் பஸ் டிரைவர், வாரத்தில் நாலு ராத்திரி வெளியூர் ஓட்டம். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டல். அந்த நாலு ராத்திரியும் வீட்டில் நானும் என் மாமியாரும்தான். அத்தைக்கு 79 வயது. காது அநேகமாகக் கேட்காது. பக்கத்தில் நின்று கத்தினால் "என்னத்துக்கு முணுமுணுக்கிற" என்பார்.

போன ஆடி மாதம், காற்று பேயாய் அடித்த ஒரு ராத்திரி, இரண்டரை மணி இருக்கும். அத்தை வந்து என்னை உலுக்கி எழுப்பினார். "ஏத்தா, செவரு அதிருது. அடுப்படியில என்னமோ இடிக்கிற மாதிரி இருக்கு." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆடிக் காற்றில் தகரம், தென்னை மட்டை, யார் வீட்டுக் கதவோ எல்லாம் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அத்தையின் கட்டில் அடுப்படிச் சுவரை ஒட்டிப் போட்டது. காது கேட்காத மனுஷிக்கு முதுகு கேட்டிருக்கிறது.

அத்தனை விளக்கையும் போட்டேன். கையில் 10 இன்ச் கத்தரிக்கோல். தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியாது. கொல்லைப் பக்கம் திமுதிமுவென்று ஓடிய சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. விடிந்து பார்த்தால், பின்கட்டு கிரில் கேட்டில் பூட்டு மாட்டுகிற கொண்டி வெல்டிங்கோடு பெயர்ந்து தொங்குகிறது. அடுப்படி மரக்கதவின் தாழ்ப்பாள் ஸ்குரூக்கள் பாதி வெளியே வந்திருக்கின்றன. இன்னும் இரண்டு நெம்பு நெம்பியிருந்தால் உள்ளே வந்திருப்பான். ஒரு கடப்பாரையையும், இடது கால் ரப்பர் செருப்பு ஒன்றையும் விட்டுப் போயிருந்தான்.

போலீஸ் வந்தார்கள், பார்த்தார்கள், இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள், புகார் வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். "ஒண்ணும் போகலையே, சந்தோஷப்படுங்க" என்று தெருவே சொன்னது. போகவில்லைதான். நகை இருக்கிறது, பணம் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. தூக்கம்தான் போயிற்று. அதை எந்த ரசீதில் எழுதுவது? தைத்துக்கொண்டிருக்கும்போதே பெடலை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். மெஷின் சத்தத்துக்குப் பின்னால் வேறு சத்தம் ஒளிந்திருக்கிற மாதிரி இருக்கும். கொல்லையில் துணி காயப்போடக்கூட சாயங்காலம் ஐந்துக்கு மேல் போகமாட்டேன். அத்தை நிம்மதியாகத் தூங்கினார். அவருக்குச் சுவர் அதிர்ந்தால் ஆபத்து, அதிராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அந்த வாரமே கேமரா போட்டோம். நாலு கேமரா, ரெக்கார்டர், வயரிங் எல்லாம் சேர்த்து 19,500 ரூபாய். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, இது அவர்களைப் பற்றிய விமர்சனமும் இல்லை. போட வந்த தம்பி, "இனிமே உங்க வீடு உங்க கைக்குள்ளக்கா" என்று போனில் செயலியை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அதுதான் பிரச்சினை. வீடு கைக்குள்ளேயே இருந்தது. ஒரு ராத்திரிக்கு முப்பது, நாற்பது தடவை போன் அதிரும். பூனை. அடுத்த தடவை விட்டில் பூச்சி. அதற்கடுத்து, லென்ஸ் மேல் வலை கட்டிய சிலந்தி, காற்றில் ஊஞ்சலாடுகிறது. ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து பார்ப்பேன். பகலில் கருவேப்பிலைச் செடியும் துவைக்கிற கல்லுமாக இருக்கிற என் கொல்லை, அந்தச் சாம்பல் நிறப் படத்தில் யாரோ செத்துப்போன வீட்டுக் கொல்லை மாதிரி இருக்கும். கல்லுக்குப் பின்னால் இருக்கும் இருட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். வாசலில் திண்ணை போட்டுக் காவல்காரன் வேலைக்கு என்னையே நியமித்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. சம்பளம் நான்தான் கொடுத்திருக்கிறேன்.

கரண்ட் போனால் ரெக்கார்டர் நின்றுவிடும் என்பதும், அதற்குத் தனியாக இன்வெர்ட்டர் லைன் இழுக்க வேண்டும் என்பதும் மூன்றாவது வாரம் கரண்ட் போனபோதுதான் தெரிந்தது. தம்பி போனை எடுக்கவில்லை.

பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற ஒரு அக்காவுக்குத் திண்டுக்கல் பிறந்த வீடு. என் கண்ணைப் பார்த்துவிட்டு, "முதல்ல எங்க ஊர்ல ஒரு பூட்டு வாங்கு" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்தொன்பதாயிரம் செலவழித்தும் வராத தூக்கம் பூட்டில் வருமா? ஆனாலும் ஒரு புதன்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன்.

திண்டுக்கல் பூட்டு என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. அதே சமயத்தில் கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது, அதனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாகல் நகர் பக்கம் இறங்கிக் கேட்டுக் கேட்டுப் போனால், பட்டறை என்று நான் நினைத்த பெரிய கூடம் எதுவும் இல்லை. ஒரு வீட்டின் முன் அறை. ஒரு வைஸ், அரம் பத்துப் பன்னிரண்டு, தரையில் இரும்புத்தூள். எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர் சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். போர்டு கிடையாது.

"பூட்டு வேணும் அய்யா" என்றேன்.

"எந்தக் கதவுக்கு?" என்றார். விலையையோ அளவையோ பேசவில்லை. நான் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். பெயர்ந்த கொண்டியை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தாயி, பழைய பூட்டு எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அலிகார் பூட்டு, இருநூறு ரூபாய்க்கு வாங்கியது. சாவியைப் போட்டுத் திருகினார். அழகாகத் திறந்தது.

"இது உடையலையே. நல்லாத்தான இருக்கு. பூட்டை யாரு உடைப்பா? கொண்டியைத்தான் நெம்புவான். ஓட்டைச் சாக்குக்குத் தங்கக் கயிறு கட்டி என்ன பிரயோசனம்? நீ போய் முதல்ல வெல்டிங் பட்டறையைப் பாரு, ஆசாரியைப் பாரு. அப்புறமா என்கிட்ட வா."

விற்க உட்கார்ந்திருக்கிறவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தே கொடுத்தார். கிரில் கேட்டுக்கு 6 மில்லிமீட்டர் பட்டையில் கொண்டி, ஒரு பக்கத்தோடு நிறுத்தாமல் சுற்றிவர வெல்டிங். கொண்டியை மூடுகிற மாதிரி ஒரு இரும்புக் கூடு. பூட்டு அதற்குள் தொங்கும், சாவிக் கை நுழையும், கடப்பாரை நுழையாது. மரக்கதவுத் தாழ்ப்பாளுக்கு ஸ்குரூவே வேண்டாம். கதவில் ஊடே துளை போட்டு, இந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு போல்ட். நிலையிலும் தாழ்ப்பாள் போய் விழுகிற இடத்தில் அதே மாதிரி. கதவுக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, இரண்டு பக்கமும் சுவரில் பதித்த கொக்கியில் தூக்கிப் போடுகிற மாதிரி. "எங்க பாட்டி வீட்ல மரத்துல கெடக்கும், கணைய மரம்னு சொல்லுவாங்க" என்றார்.

அப்புறம்தான் பூட்டைக் காட்டினார். ஒன்றைப் பிரித்து உள்ளே காட்டினார். தகடு தகடாக அடுக்கியிருக்கிறது, அதைத்தான் லிவர் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். சாவியில் இருக்கிற ஒவ்வொரு படியும் ஒரு லிவரைத் தூக்குகிறது. எல்லா லிவரும் சரியான உயரத்துக்கு வந்தால்தான் நடுவில் இருக்கிற சந்துகள் ஒரே கோட்டில் நிற்கும், உள்ளே இருக்கிற நாக்கு நகரும். ஒன்று நூலளவு குறைவாகத் தூக்கினாலும் நகராது. கூடுதலாகத் தூக்கினாலும் நகராது. பிளவுஸ் வெட்டுகிறவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்குள் வளைவில் நூலளவு கூடினாலும் குறைந்தாலும் கை ஏறாது. அவர் ஒவ்வொரு படியையும் அரத்தால் ராவி, போட்டுப் பார்த்து, மறுபடி ராவுகிறார். அதனால்தான் 17 நாள். பட்டறையில் அவரும் இன்னொருவரும் மட்டும்தான். பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை என்றார், வருத்தமாகக்கூட இல்லை, மழை பெய்யவில்லை என்பது மாதிரி.

"இதை யாராலும் உடைக்க முடியாதா அய்யா?"

"கட்டர் மெஷின் வச்சா எதையும் அறுத்துரலாம். ஆனா அது ஊரையே எழுப்பிரும். அவனுக்குத் தேவை நேரம். அவன் நேரத்தைத் திருடணும், அவ்வளவுதான் நம்ம தொழிலு."

(திண்டுக்கல் வரை போய்விட்டுப் பிரியாணி சாப்பிடாமல் வந்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். சாப்பிட்டேன். சீரக சம்பா. அதற்குத் தனி விமர்சனம் எழுத வேண்டும்.)

வெல்டிங்குக்கும் கூட்டுக்கும் 2,200, ஆசாரிக்குக் கூலியும் சாமானும் 3,100. அந்த ஆசாரி வந்து பழைய ஸ்குரூக்களைக் கையாலேயே பிடுங்கிக் காட்டினார். முக்கால் இன்ச் ஸ்குரூ, ஈரத்தில் ஊறிய மரம். 14 வருஷமாக ராத்திரி ராத்திரி நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்கியது இதை நம்பித்தான்.

இனிப் பூட்டைப் பற்றி.

நல்லது: ஆட்டமே இல்லை. பழைய பூட்டை அசைத்தால் உள்ளே கலகலக்கும், இது கல் மாதிரி. சாவியைத் திருப்பும்போது கையில் ஒரு எதிர்ப்புத் தெரியும், அப்புறம் "டொக்". அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? காஜா எடுத்து முடித்து நூலைக் கத்தரிக்கிற மாதிரி. பூட்ட இரண்டு கை வேண்டும். ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே பூட்ட முடியாது. அதனால், பூட்டினேனா இல்லையா என்று படுத்த பிறகு சந்தேகம் வருவதில்லை. பூட்டியது கைக்கு ஞாபகம் இருக்கிறது. கேமரா ராத்திரி முழுக்க ஓடுகிற வேலை. பூட்டு ஒன்பதரைக்கு முடிந்துபோகிற வேலை. எனக்குத் தேவைப்பட்டது முடிகிற ஒன்றுதான் என்று 19,500 ரூபாய்க்குப் பிறகு தெரிந்துகொண்டேன்.

சாவி நகல் எடுக்கத் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்கிட்ட அச்சு இல்லக்கா" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வாங்கும்போதே இரண்டு சாவி தருகிறார்கள், இரண்டாவதை அக்கா வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறேன்.

குறை: கனம். ஒரு நாள் நழுவிக் காலில் விழுந்து நகம் கறுத்துவிட்டது. மேல் பூச்சு அழகாக இல்லை, அரம் போட்ட கோடெல்லாம் தெரிகிறது. ஐப்பசி மழையில் வளையத்தில் லேசாகத் துரு வந்தது. எண்ணெய் விட வேண்டும், ஆனால் நம் வீட்டுப் பழக்கப்படி தேங்காய் எண்ணெயை ஊற்றாதீர்கள், நாளாக ஆகப் பிசுபிசுத்து லிவர் ஒட்டிக்கொள்ளும் என்று பெரியவர் முதலிலேயே எச்சரித்தார். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மாதம் ஒரு தடவை. அது எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கிறது.

இன்னொரு விஷயம், இது பூட்டின் குறை இல்லை, என் முட்டாள்தனம். முதல் வாரம் சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்காரர்தான், "அடுப்படியில தீப்பிடிச்சா எப்படி வெளிய ஓடுவ? பீரோ சாவியைத் தேடிட்டு இருப்பியா?" என்று கேட்டார். உள்ளிருந்து பூட்டுகிற எந்தக் கதவுக்கும் சாவி, இருட்டில் கை போகிற இடத்தில் இருக்க வேண்டும், வெளியிலிருந்து எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும். இப்போது அத்தையின் கட்டில் தலைமாட்டில் ஆணி. மிச்சத் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, அதில் சாவி.

கேமராவைக் கழற்றவில்லை. நாலில் இரண்டு ஓடுகிறது. அறிவிப்புகளை நிறுத்திவிட்டேன், ஏதாவது நடந்தால் பார்த்துக்கொள்ளப் பதிவு இருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு ராத்திரி தங்கச்சி வீட்டுக்குப் போனபோது ஸ்டேஷனில் வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனோம். அத்தையும் வந்தார். அங்கே தூக்கம் வரவில்லை என்று அவர்தான் புலம்பினார். கட்டில் சுவரை ஒட்டி இல்லையாம்.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அரை நட்சத்திரம் என் கால் நகத்துக்காக.

முன் கேட்டுக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன், ஆறு லிவர் போதும் என்று பெரியவரே சொன்னார். எப்போது கிடைக்கும் என்று போன் செய்து கேட்டால், "பொங்கலுக்குள்ள பாப்போம் தாயி" என்கிறார். எந்தப் பொங்கல் என்று நான் கேட்கவில்லை.