கப்பலில் லட்சத்தீவு போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

நாங்கள் கோயம்புத்தூர். போன பிப்ரவரியில் அம்மா, அப்பா, நான், வீட்டுக்காரர் என்று நான்கு பேரும் கொச்சியில் கப்பல் ஏறி, அகத்தித் தீவைப் பார்த்துவிட்டு மும்பையில் இறங்குகிற மூன்று இரவுப் பயணம் போனோம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே இடம் லட்சத்தீவுதான். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போன படங்கள் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மொத்தம் 1,56,000 ரூபாய் கட்டினோம். அம்மா தீவில் கால் வைக்கவே இல்லை. மற்ற மூன்று பேரும் அந்த மணலில் நின்றது ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்.

விற்றது எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர். மூன்று முறை நேரில் போய்ப் பேசினேன். "ஒரு நாள் முழுக்க தீவுலதான் இருப்பீங்க அக்கா, காலையில இறங்கினா சாயங்காலம்தான் ஏறணும்" என்றார். அம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது, இரண்டு முட்டியும் தேய்மானம், படி ஏறுவதே சிரமம் என்று தெளிவாகச் சொன்னேன். "வீல்சேர்லயே இறக்கிருவாங்க, வயசானவங்கதான் நிறைய வர்றாங்க" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அனுப்பினார். அந்தப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது.

டிக்கெட் தலைக்கு 32,000. அதற்கு மேல் தீவுக்குப் போகும் அனுமதிக்கு என்று தலைக்கு 2,500. அடியில் கண்ணாடி வைத்து கடலுக்குள் பார்க்கிற படகும், மூச்சுக்குழாய் மாட்டி நீந்திப் பவளப்பாறை பார்க்கிற ஸ்நார்க்கலிங்கும் சேர்த்துத் தலைக்கு 4,500. லட்சத்தீவுக்குள் வெளியாட்கள் போக அனுமதி வேண்டும் என்பது உண்மைதான், 1967-லிருந்தே அந்த விதி இருக்கிறது. அதனால் நானும் கேள்வி கேட்காமல் கட்டிவிட்டேன். கப்பலில் ஏறிய பிறகு ரிசப்ஷனில் இருந்த பெண் எங்கள் பில்லைப் பார்த்துவிட்டு, அனுமதிக் கட்டணம் டிக்கெட்டிலேயே அடக்கம் என்றார். பத்தாயிரம் ரூபாய் அங்கேயே போயிற்று.

ஆனால் பணத்தை விடப் பெரிய பொய் அந்த "முழு நாள்".

அகத்தி எப்படிப்பட்ட இடம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நாங்கள் வேறு மாதிரி முடிவெடுத்திருப்போம். நீளம் ஏழரை கிலோமீட்டர் இருக்கும், அகலம் பெரும்பாலான இடத்தில் ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. மேற்குப் பக்கம் பவளப்பாறை வேலி மாதிரி நிற்கிறது, அதற்கு உள்ளே ஆழமில்லாத பச்சைத் தண்ணீர். வேலியைத் தாண்டியதும் கடல் சட்டென்று ஆழமாகிவிடும். அத்தனை பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்கவே முடியாது. வெளியே கடலில் நின்றுகொண்டு சின்னப் படகுகளில்தான் ஆட்களை அனுப்புவார்கள். காற்றும் அலையும் கொஞ்சம் கூடினாலே படகை நிறுத்திவிடுவார்கள். அது சரியான காரியம்தான், அதில் எனக்குக் குறையில்லை.

சரி, கணக்கைப் பாருங்கள். எங்கள் கப்பலில் ஆயிரத்து இருநூறு பயணிகள் என்று அறிவித்தார்கள். ஓடியது ஆறு படகு, ஒன்றில் முப்பது பேர். ஒரு நடைக்கு நூற்றெண்பது பேர், ஏற்றி இறக்கித் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல். எல்லோரையும் கரைக்குக் கொண்டுபோகவே ஏழு மணி நேரம் ஆகும். அவர்களைத் திரும்ப அழைத்து வரவும் வேண்டும். காலை எட்டரைக்கு முதல் படகு, மாலை நான்கு மணிக்குக் கப்பல் கிளம்ப வேண்டும். எல்லோருக்கும் முழு நாள் எந்தக் காலத்திலும் கிடைக்காது. வருடக்கணக்கில் இதை விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

எங்கள் டோக்கனுக்கு அழைப்பு வந்தபோது மணி பதினொன்றே முக்கால். கீழ்த்தளத்தில் கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே ஒரு சின்ன மேடை, அதை ஒட்டிப் படகு. படகு நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒரு அலைக்கு மேடைக்குச் சமமாக ஏறும், அடுத்த அலைக்கு முழங்கால் உயரத்துக்குக் கீழே இறங்கும். இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள் நம் முழங்கைக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் நொடியில் "இப்போ" என்பார்கள். அந்த நொடியில் கால் வைக்க வேண்டும். வீல்சேர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அம்மா இரண்டு முறை முயற்சி செய்தார். லைஃப் ஜாக்கெட் போட்டு, செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, கதவோரக் கம்பியைப் பிடித்தார். "இப்போ" என்று அவர்கள் சொன்னதும் வலது காலைத் தூக்கினார், கம்பியைப் பிடித்த கை விடவில்லை. படகு கீழே போய்விட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. பின்னால் வரிசை நின்றது. "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் மேல இருந்து பாக்கறேன்" என்றார். அப்பாவும் போகவில்லை என்றுதான் சொன்னார், அம்மாதான் கட்டாயப்படுத்தி அனுப்பினார்.

கரையில் என்ன நடந்தது என்று நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிப் படகு, ஸ்நார்க்கலிங் இரண்டும் நேரமில்லை என்று ரத்து. தென்னை நிழலில் ஒரு பந்தல், மோர், சோறு, சூரை மீன் பொரியல். ஒரு மணிக்கு மேல் காற்று ஏறியதால் மூன்றரைக்கு வர வேண்டிய கடைசிப் படகை இரண்டரைக்கே அழைத்துவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் டோக்கன் வைத்திருந்த பலர் கப்பலை விட்டே இறங்கவில்லை.

தீவு மக்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். பந்தலில் பலகாரம் விற்ற ஒரு சேச்சி, அம்மா இறங்க முடியாமல் கப்பலிலேயே இருக்கிறார் என்று கேட்டதும், தேங்காயும் வெல்லமும் கிளறி வாழைச்சருகில் சுருட்டிக் கட்டிய உருண்டை நான்கை அப்பா கையில் கொடுத்துவிட்டுக் காசு வாங்கவில்லை. துவீப் உண்ட, அதாவது தீவு உருண்டை என்று அதற்குப் பெயர். அம்மா லட்சத்தீவில் பார்த்தது அது ஒன்றுதான்.

ஊருக்கு வந்து ஏஜென்டிடம் கேட்டபோது, "வானிலைக்கு நாங்க பொறுப்பில்லைன்னு கண்டிஷன்ல இருக்குங்க்கா" என்றார். ஆமாம், இருக்கிறது. பணம் கட்டிய பிறகு வந்த பதினோரு பக்கத் தாளில், ஒன்பதாவது பக்கத்தில். தீவில் இறங்குவது உறுதியல்ல என்றும் அதிலேயே இருக்கிறது. நடக்காத கண்ணாடிப் படகு, ஸ்நார்க்கலிங் இரண்டுக்குமான 18,000 ரூபாய்க்குப் பதில் அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வவுச்சர் நீட்டினார், அதுவும் ஆறு மாதத்துக்குள் போக வேண்டுமாம். வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்திருக்கும்.

நீங்கள் புக் செய்வதாக இருந்தால் கப்பல் எத்தனை மணி நேரம் தீவருகே நிற்கும் என்று கேட்காதீர்கள், உங்கள் கால் எத்தனை மணி நேரம் தரையில் இருக்கும் என்று கேளுங்கள். படகில் எப்படி மாற்றுகிறார்கள், முட்டி வலி உள்ளவர்கள் ஏற முடியுமா என்பதை ஏஜென்டிடம் கேட்காமல் கப்பல் நிறுவனத்திடமே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கரைச் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டாதீர்கள். இறங்க முடியாவிட்டால் பணமாகத் திரும்புமா, வவுச்சரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலக் கடல், அந்த மாதங்களில் யார் விற்றாலும் வேண்டாம். பெற்றோரைக் கூட்டிப் போவதாக இருந்தால் அகத்தியில் விமான நிலையம் இருக்கிறது, கொச்சியிலிருந்து விமானம் போகிறது. எங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கப்பல் எங்கே கிளம்பியது என்பது பிரச்சினையில்லை. நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நான் போட்டுவிட்டேன். ரசீது, அந்தப் பதினோரு பக்கம், வீல்சேர் பற்றிய குரல் பதிவு மூன்றையும் சேர்த்திருக்கிறேன். அடுத்த விசாரணைக்கு அம்மாவும் வருகிறேன் என்கிறார். ஆணையம் தரைத்தளத்தில்தான் இருக்கிறதா என்று போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தரைத்தளம்தான்.