பிலிப் தீவு பென்குயின் அணிவகுப்பு: எந்த டிக்கெட் எடுக்கலாம்?

மெல்பர்னிலிருந்து காரில் கிட்டத்தட்ட 2 மணி நேரம். சான் ரெமோவில் பாலத்தைத் தாண்டினால் பிலிப் தீவு, அதன் மேற்கு முனையில் சம்மர்லாண்ட் கடற்கரை. வருஷம் முழுக்க, பொழுது சாய்ந்ததும் இங்கே பென்குயின்கள் கரையேறுகின்றன. நவம்பர் கடைசியில் போய்விட்டு வந்தோம், எனக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை சாதாரண டிக்கெட், இந்தத் தடவை பென்குயின்ஸ் பிளஸ். இரண்டையும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

சாதாரண டிக்கெட் என்றால் கடலைப் பார்த்தபடி படிக்கட்டு மாதிரி அடுக்கிய இருக்கைகள். அலை உடைகிற இடத்தில் வெள்ளையாக ஒரு கும்பல் எழுந்து நிற்கும் அந்த முதல் நிமிஷம் இங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். ஆனால் இவை பென்குயின்களிலேயே மிகச் சிறிய இனம், உயரம் 33 சென்டிமீட்டர்தான், எடை ஒரு கிலோ சுமார். கண் பார்வை கொஞ்சம் மங்கலானவர்களுக்குச் சிரமம். பிளஸ் மேடை அவை வளைக்கு நடந்து போகும் பாதையை ஒட்டியே இருக்கிறது, கையெட்டும் தூரத்தில் போகும். குழந்தைகளோடு போகிறவர்கள் கூடக் கொடுத்து இதையே எடுங்கள். தரைக்கடியில் கண்ணாடி வழியாகப் பார்க்கும் இடமும் உண்டு, அதற்கு நான் போனதில்லை.

இருட்டும் வரை அவை ஏன் காத்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும். முதுகு கருநீலம், மேலிருந்து பார்க்கிற பறவைக்குக் கடல் நிறம். வயிறு வெள்ளை, கீழேயிருந்து பார்க்கிற மீனுக்கு வானத்து வெளிச்சம். தண்ணீரில் இந்த வேஷம் காப்பாற்றும், மணலில் காப்பாற்றாது. அதனால்தான் கடலிலேயே கூட்டம் சேர்ந்து, இருட்டிய பிறகு ஒன்றாக ஏறுகின்றன. எங்கள் கண்முன்னாலேயே பத்துப் பதினைந்து பாதி தூரம் வந்துவிட்டு, ஒரு கடற்காகம் பக்கத்தில் இறங்கியதும் அத்தனையும் திரும்பித் தண்ணீருக்குள் ஓடின. அப்புறம் மறுபடி வந்தன, மறுபடி தயங்கின. மூன்றாவது முறைதான் மணலைக் கடந்தன. என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு வளை. உள்ளேயிருந்து இரண்டு குஞ்சுகள், கிட்டத்தட்ட தாய் அளவுக்கே வளர்ந்தவை, பழுப்புத் தூவி இன்னும் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, வெளியே வந்து கத்திக்கொண்டே நின்றன. வயிறு நிறைய மீனோடு ஆடி ஆடி வந்த பெரிய பறவையை இரண்டும் துரத்தித் துரத்தி அலகில் முட்டின. அது வாயைத் திறந்ததும் ஒரு குஞ்சின் தலை உள்ளேயே போய்விட்டது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன், மீன் வாடைகூட அடித்தது.

போட்டோ எடுக்கக் கூடாது, செல்போனும் சேர்த்துத்தான். இதில் நான் நிர்வாகத்தின் பக்கம். மங்கல் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணில் பிளாஷ் அடித்தால் அவை மிரண்டு வழி தவறும். எங்கள் வரிசையில் ஒருவர் போனை எடுத்தார், ரேஞ்சர் குனிந்து மெதுவாகச் சொன்னதும் உள்ளே வைத்துவிட்டார்.

இந்த இடத்தை நான் இத்தனை மதிப்பதற்குக் காரணம் வேறு. அந்தக் காலத்தில் இந்த முனையையே லேஅவுட் போட்டு விற்று, வீடுகள் கட்டி, கார்கள் ஓடி, நாய்கள் திரிந்து, அதோடு நரியும் சேர்ந்து பென்குயின்களை அழித்துக்கொண்டிருந்தன. தீவில் ஒரு காலத்தில் இருந்த பத்துப் பென்குயின் குடியிருப்புகளில் இந்த ஒன்றுதான் மிஞ்சியது. 1985-ல் விக்டோரியா மாநில அரசு அந்த மனைகளையும் வீடுகளையும் திரும்ப வாங்குவது என்று முடிவு செய்தது. 2010-க்குள் கடைசி வீடும் போய்விட்டது. பறவைக்காக ஒரு ஊரையே எடுத்த கதையை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. நரியையும் விடாமல் தேடி ஒழித்து, 2017-ல் நரியில்லாத தீவு என்று அறிவித்தார்கள். அதே வருஷம் கிழக்குப் பட்டை பாண்டிகூட் என்ற, எலி மாதிரி மூக்கு நீண்ட, கங்காரு போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் விலங்கைக் கொண்டுவந்து விட்டார்கள். காட்டில் அற்றுப்போனது என்ற பட்டியலில் இருந்தது அது. இந்தத் தீவும் வேறு சில பாதுகாப்பான இடங்களும் கைகொடுத்ததில், 2021-ல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. டிக்கெட் பணம் இப்படிப்பட்ட வேலைகளுக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறது என்பதால் கொடுக்க எனக்கு வலிக்கவில்லை. இங்கே 1968-லிருந்து பென்குயின்களைத் தொடர்ந்து ஆராய்கிறார்கள். உடம்பில் சிப் வைத்த பறவை பாதையிலுள்ள எடைமேடையைத் தாண்டினால் அதன் எடை பதிவாகிவிடும், கடலில் எவ்வளவு இரை கிடைத்தது என்று அதிலிருந்தே கணக்கிடுகிறார்கள்.

சில விஷயங்கள்: கோடையிலும் காற்று எலும்பைத் தொடும், கம்பளி அவசியம். கோடையில் சூரியன் மறைய எட்டரைக்கு மேல் ஆகும், அதனால் சின்னக் குழந்தைகளை மத்தியானம் தூங்க வைத்துக் கூட்டிப் போங்கள். விடுமுறை நாட்களில் பிளஸ் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். சாயங்காலமே போய்விட்டால் வாலபி என்ற சின்னக் கங்காருகளையும் கேப் பாரன் வாத்துகளையும் பார்க்கலாம். உப்புத் தண்ணீரையும் குடித்துச் சமாளிக்கக்கூடிய வாத்து அது.

காரை எடுக்குமுன் அடியில் குனிந்து பாருங்கள், பார்க்கிங்கிலேயே போர்டு வைத்திருக்கிறார்கள். நாங்களும் செல்போன் டார்ச்சைப் போடாமல், நான்கு பக்கமும் முட்டி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.