நாய்க்கடி ஊசி: எங்கள் ஊர் ஜி.எச்.சுக்கு ஐந்துக்கு நாலு

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று எதற்கு என்று கீழே வரும். ஊர்ப் பெயரைப் போடவில்லை. போட்டால் அங்கே வேலை பார்க்கும் சிஸ்டரிடம் யாராவது விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பார்கள். தாலுகா அளவிலான அரசு ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். அவ்வளவு போதும்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பது என் வேலை. "சும்மா வாங்க சார், ஒண்ணும் பண்ணாது" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள் என்றால் எங்களுக்கு அப்போதுதான் பயமே வரும். இந்த முறை அந்த அம்மா அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாய் என் இடது கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. பேன்ட் கிழிந்து, இரண்டு பல் நன்றாக இறங்கி, ரத்தம் செருப்பு வரை வந்துவிட்டது. "ஊசி போட்ட நாய்தான் சார்" என்றார் அந்த அம்மா. எப்போது போட்டது என்று கேட்டால் பதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி அதற்குள் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து எடுத்து வந்துவிட்டார். நல்ல மனசுதான். வேண்டாம் பாட்டி என்று கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

தெருமுனையில் ஒரு தனியார் கிளினிக். பக்கம் என்பதால் அங்கேதான் முதலில் போனேன். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை, ஒரு டிடி ஊசி, அப்புறம் "வாய் பிளந்திருக்கு, ரெண்டு தையல் போட்டுடலாம்" என்று தட்டை எடுத்து வைத்தார்கள். நாய்க்கடி ஊசியை மெடிக்கலில் வாங்கி வரச் சொல்லிச் சீட்டு எழுதினார்கள். காயத்தைக் கழுவும் பேச்சே இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் பிரிவில் மூத்தவரான அண்ணன் ஒருவர் போனில் வந்தார். இந்த வேலையில் நாயிடம் நன்றாகக் கடிபட்டவர் அவர். தையல் என்றதும் கத்தினார்: "டேய், தையல் போடாதே. கட்டுக் கூடப் போடாதே. எழுந்து ஜி.எச்.சுக்கு ஓடு."

இனி ஜி.எச். கதை. ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் கூட்டம் எப்போதும்போலத்தான். ஆனால் "நாய்க்கடி" என்று சொன்னதும் சீட்டு எழுதுபவர் வரிசையைக் காட்டவில்லை. ஊசி அறைக்கு வெளியே இருக்கும் குழாயைக் காட்டினார். அங்கே சிஸ்டர் ஒருவர் மேசை டிராயரைத் திறந்து பாதியாக வெட்டிய துணி சோப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முழுக் கட்டியைக் குழாயடியில் வைத்தால் மறுநாள் இருக்காதாம், அதனால் வெட்டி வெட்டிக் கொடுக்கிறார். "பதினஞ்சு நிமிஷம். கடிகாரத்தைப் பாருங்க. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும்" என்றார். நான் ஐந்து நிமிடத்தில் எழுந்தேன். திரும்ப உட்கார வைத்துவிட்டார். எரிச்சல் தாங்கவில்லை. அவரோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டே "இன்னும் ஆகலை" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நாய்க்கடிக்கு ஒரு இடம் நல்லதா இல்லையா என்பதை நான் இந்தக் குழாயை வைத்துத்தான் சொல்வேன். ரேபிஸ் வைரஸ் நாயின் எச்சிலில் இருக்கிறது. அதன் மேல் கொழுப்பாலான ஓர் உறை உண்டு, சோப்பு பட்டால் அந்த உறை கலைந்து வைரஸ் செத்துவிடும். காயத்தில் கிடக்கும் வைரஸில் பெரும் பகுதியைக் கழுவியே வெளியேற்றிவிடலாம். கடித்த வீட்டிலேயே குழாயடியில் உட்கார்ந்து செய்யலாம், காசே இல்லாத வைத்தியம். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி எல்லாம் காயத்தைப் புண்ணாக்குமே தவிர வைரஸை ஒன்றும் செய்யாது. அவசரப்பட்டுத் தையல் போட்டால் ஊசி குத்தும் ஒவ்வொரு இடமும் வைரஸை இன்னும் உள்ளே தள்ளும். கண்டிப்பாகத் தைத்தே ஆக வேண்டிய காயம் என்றால், சீரம் என்ற எதிர்ப்பு மருந்தைக் காயத்தில் போட்ட பிறகு, அதுவும் தளர்வாகத்தான் தைப்பார்களாம்.

டாக்டர் இளம் வயதுப் பெண். வரிசை நீளமாக இருந்தும் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்து வைரஸ் ஏறியிருக்கிறதா என்று சொல்ல முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். இது ரத்தத்தில் ஓடுகிற கிருமி இல்லை. கடிபட்ட தசையிலிருந்து நரம்புக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே முதுகுத் தண்டுக்கும் அங்கிருந்து மூளைக்கும் போகிறது. பஸ் கிடைக்காமல் நடந்தே ஊர் போய்ச் சேருகிற ஆள் மாதிரி மெதுவாகப் போகும் என்றார். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் வரலாம். முகத்திலும் தலையிலும் கடித்தால் மூளை பக்கம் என்பதால் அவகாசம் குறைவு. மூளைக்குப் போய்ச் சேர்ந்து, தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்ளும் அறிகுறி வந்துவிட்டால் அப்புறம் வைத்தியமே இல்லை, கிட்டத்தட்ட எல்லோருமே இறந்துவிடுகிறார்கள். உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த மெதுவான நடைதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம், மூளையை அது தொடுவதற்குள் உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிவிட வேண்டும்.

என்னுடையது மூன்றாம் வகைக் கடி என்று சீட்டில் எழுதினார். நாயைத் தொட்டது, முழுத் தோலின் மேல் நக்கியது எல்லாம் முதல் வகை, கழுவினால் போதும், ஊசி வேண்டாம். ரத்தம் வராத சிராய்ப்பு, பல் லேசாகப் பட்டது இரண்டாம் வகை, அதற்குத் தடுப்பூசி. தோலைக் கிழித்த கடி, புண்ணின் மேல் நக்கியது, வாய், கண் ஆகியவற்றில் எச்சில் பட்டது மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். தடுப்பூசி போட்டதும் உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்திலேயே காவல் காப்பது சீரம். நான் போன கிளினிக்கில் இந்தச் சீரம் என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சீரம் குதிரையிலிருந்து எடுப்பது. எடை பார்த்தார்கள், கிலோவுக்கு 40 யூனிட் கணக்கு. ஆஸ்துமா, அலர்ஜி உண்டா, முன்பு எப்போதாவது பாம்புக்கடிக்கு ஊசி போட்டதுண்டா என்று கேட்டார்கள். அதுவும் குதிரைச் சீரம்தானாம். பிறகு சிஸ்டர் அதைக் கையிலோ இடுப்பிலோ போடவில்லை. காயத்தைச் சுற்றி, காயத்துக்குள்ளேயே, பல் இறங்கிய ஒவ்வொரு குழியிலும் ஊசியை இறக்கினார். பொய் சொல்ல மாட்டேன், நாய் கடித்தபோது கூட இவ்வளவு வலிக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார்கள், உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க.

அந்த வலியோடு ஒப்பிட்டால் தடுப்பூசி ஒரு வலியே இல்லை. ஒவ்வொரு புஜத்திலும் 0.1 மில்லி, தசைக்குள் இல்லை, தோலுக்குள். ஊசி ஏறிய இடத்தில் சின்னத் தடிப்பு ஒன்று எழும்ப வேண்டும். ஒரு கையில் சரியாக எழும்பவில்லை என்று சிஸ்டருக்குத் தோன்ற, பக்கத்தில் மறுபடியும் போட்டார். இந்த முறையில் 1 மில்லி குப்பி ஒன்று ஐந்து பேருக்கு வரும், செலவு குறையும், பலனோ தசையில் போடுவதற்குக் குறைந்ததில்லை. குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் ஆள் சேர்ந்ததும் மொத்தமாகப் போடுகிறார்கள். காத்திருக்க வைப்பது அதற்காகத்தான். முன்கோபிகள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கணக்கு: 0, 3, 7, 28. முதல் ஊசி போட்ட நாள்தான் பூஜ்யம். இதை ஒன்று என்று எண்ணி ஒரு நாள் தப்பி வருபவர்கள் தினமும் உண்டு போலிருக்கிறது. அதனால் சிஸ்டர் நாளை எண்ணச் சொல்வதில்லை, தேதியைச் சிவப்புப் பேனாவில் எழுதி வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார். தனியாரில் தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேர்த்து ஐந்து ஊசி. எதுவாக இருந்தாலும் முடித்தால் சரி.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட கதைகள் தனி. ஒரு குடும்பமே வந்திருந்தது. அவர்கள் பால் வாங்கும் வீட்டு மாட்டை வெறிநாய் கடித்து, மாடு செத்துவிட்டதாம். பாலைக் காய்ச்சித்தான் குடித்தீர்களா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றதும் ஊசி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். காய்ச்சிய பாலில் இந்த வைரஸ் பிழைக்காது. அவர்களோ நம்பாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். என் கையைப் பிடித்த பெரியவர் குட்டி நாய் கடித்ததற்கு முதலில் மந்திரித்துக்கொண்டு, வேர் ஒன்றையும் பாலில் அரைத்துக் குடித்துவிட்டு, மகள் திட்டியதால் வந்தவர். குட்டி நாய்க்கும் ரேபிஸ் வரும். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி" என்ற பயம்தான் அவரைத் தடுத்திருக்கிறது. அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்தில் ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, பீனால் சேர்த்துக் கொன்று, வயிற்றில் நாள்தோறும் போட்டார்கள். சிலருக்கு அந்த மருந்தே பக்கவாதம் கொண்டுவந்தது. நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907இல் தொடங்கியதே நாய்க்கடி மருந்துக்காகத்தான். இந்தியாவில் 2004 இறுதியில் அந்த ஆட்டு மூளை மருந்தை நிறுத்தி, ஆய்வகத்தில் செல்களில் வளர்க்கும் மருந்துக்கு மாறிவிட்டார்கள். இப்போது வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கறி, மீன் கூடாது என்ற பத்தியமும் கிடையாது. நான் அன்று இரவே அயிரை மீன் குழம்பு சாப்பிட்டேன்.

சரி, அந்த ஒரு நட்சத்திரம். மூன்றாம் நாள் ஊசிக்குப் போனபோது சீரம் தீர்ந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஒரு சின்னப் பையன், ஐந்து வயது இருக்கும், கன்னத்தில் கடிபட்டு வந்தான். கழுவினார்கள், தடுப்பூசி போட்டார்கள், சீரத்துக்கு மட்டும் மாவட்டத் தலைநகரில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு 108இல் அனுப்பினார்கள். முகத்தில் கடி என்பதால் ஒரு நிமிடம் கூட வீணாக்காமல் அனுப்பினார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் கையில் பஸ் காசு தவிர ஒன்றும் இல்லை, இன்னொரு குழந்தை இடுப்பில். சீரம் தீரப்போகிறது என்பது குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாலே முன்னாலேயே தெரிந்திருக்கும். சிஸ்டரைக் கேட்டால் எழுதிக் கொடுத்தாச்சு, இன்னும் வரவில்லை என்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எழுதிக் கொடுத்ததை எவர் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குத்தான் இந்தக் கழித்தல்.

இன்னொரு சின்னக் குறை, இதற்கு மார்க் குறைக்கவில்லை. ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஓ.பி. பூட்டியிருக்கும். கேஷுவாலிட்டிக்கு நேராகப் போனால் போடுவார்கள், ஆனால் அதை ஒரு போர்டில் எழுதி வைத்தால் என்ன? பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை நானே பார்த்தேன். இருவரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினேன்.

நாய் என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது, இப்போதும் என்னைப் பார்த்துக் குரைக்கிறது. வீட்டில் வளர்க்கும் நாய் என்றால் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொல்கிறார்கள். கடிக்கும்போதே எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் அது பத்து நாளுக்குள் நோய் வந்து செத்திருக்கும். ஆனால் அதுவரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசி போட்ட நாய் என்று சொன்னாலும் தள்ளிப்போடக் கூடாது. நாய் உயிரோடு இருக்கிறதே, 28ஆம் நாள் ஊசியை விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, "உங்க வேலைக்கு இது எப்படியும் தேவைப்படும், முடிச்சுடுங்க" என்றார் டாக்டர். முழுக்கப் போட்டு முடித்தவர்களுக்கு அடுத்த கடியில் 0, 3 என்று இரண்டு நாள் ஊசி போதும், சீரமே வேண்டாம். போன வருடம் எங்கள் அண்ணன் அப்படித்தான் தப்பித்தார், பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்ததால்.

போகிறவர்களுக்கு: காலையில் சீக்கிரம் போங்கள், ஆதார் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், ஒரு சோப்பும் எடுத்துப் போங்கள். மிச்சத்தைச் சிஸ்டரின் டிராயரில் போட்டுவிட்டு வரலாம். காசு எதற்கும் கேட்கவில்லை, யாரும் தலையைச் சொறியவும் இல்லை. வண்டியை உள்ளே விடாதீர்கள், எடுக்கும்போது ஆம்புலன்ஸுக்கு வழி மறிக்கும். எதிரில் டீக்கடை ஓரமாக விடலாம், அந்தக் கடையில் வடை சுமார்.