பெரிய அணியில் உதவியா, சின்ன அணியில் தலைமையா?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் துடுப்புப் படகு அணிகளில் பயிற்சியாளராக வளர நினைப்பவருக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான முதல் டிவிஷன் பல்கலைக்கழகத்தில் பணத்துக்குக் குறைவில்லை. கல்விக்கூடங்களில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்க 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டத்துக்கு ஏற்ப, ஆண்களின் அமெரிக்கக் கால்பந்து அணியின் பெருங்கூட்டத்தை ஈடுகட்டப் பல இடங்களில் வளர்த்துவிட்ட விளையாட்டு இது. உதவித்தொகை உண்டு, வெளிநாட்டு வீராங்கனைகளும் வருவார்கள். ஆனால் உதவிப் பயிற்சியாளருக்குப் பாதி வேலை ஆள்பிடிப்பதுதான்: எர்க் மெஷினில் (தரையிலேயே துடுப்பு வலித்துப் பழகும் கருவி) 2,000 மீட்டரை எத்தனை நிமிடத்தில் முடித்தாய் என்று பள்ளி மாணவிகளிடம் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் படகில் யார் உட்காருவது என்பதில் கடைசி வார்த்தை தலைமைப் பயிற்சியாளருடையது.

மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. துடுப்பையே தொட்டிராத பெண்கூட வந்து நிற்பாள். இங்கே தலைமைப் பயிற்சியாளர் நீங்கள். விடியலில் மோட்டார் படகில் மெகாஃபோனோடு பின்தொடர்வது, அப்புறம் சுமார் 17 மீட்டர் நீள எண்மர் படகை டிரெய்லரில் ஏற்றுவது, சில சமயம் வண்டி ஓட்டுவதுகூட நீங்கள்தான். சம்பளமும் பொதுவாகக் குறைவு. ஆனாலும் தொழில் கற்க இதுதான் சரி என்பேன். முடிவெடுத்துப் பழகாதவரை யாரும் தலைமைப் பதவிக்கு எளிதில் கூப்பிடுவதில்லை.