ஷோ பட்ஜி வாங்கப் போகிறீர்களா? என் 36,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்றுதான் அந்த ஆப்காரர்கள் என் புகாரை ‘தீர்வு காணப்பட்டது’ என்று எழுதி மூடினார்கள். யாருக்குத் தீர்வு என்று தெரியவில்லை. 36,000 கொடுத்து வாங்கிய மூன்று பட்ஜிகளில் (கூண்டில் வளர்க்கும் சின்னக் கிளி வகை) ஒன்று செத்துவிட்டது. ஒன்றுக்கு மருந்து போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாவது நன்றாகத் தின்கிறது, நன்றாகக் கத்துகிறது, ஆனால் நான் பார்த்துக் காசு கொடுத்த பறவை அது இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஆப்பின் பெயரும் விற்ற ஆளின் பெயரும் இதில் வராது, கேட்காதீர்கள். வீட்டில் வளர்ப்பவர்கள் பறவை வாங்கி விற்கும் ஆப் அது. விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று ஒரு பச்சை முத்திரை இருக்கும். என்னத்தைச் சரிபார்த்தார்கள் என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

பட்ஜி வளர்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். கடையில் கூண்டு நிறைய அடைத்து வைத்திருக்கும் சின்னப் பட்ஜி வேறு, போட்டிக் கண்காட்சிக்கென்று வளர்க்கும் ஷோ பட்ஜி வேறு. ஆஸ்திரேலியக் காட்டில் இருப்பது சுமார் 18 செ.மீ. நீளம்தான், எடை 30 முதல் 40 கிராம். ஷோ பறவைக்கு பிரிட்டனின் பட்ஜெரிகர் சொசைட்டி (1925இல் தொடங்கியது) சொல்லும் அளவு, உச்சந்தலையிலிருந்து வால் நுனிவரை 21.6 செ.மீ. நெற்றி அகலமாக இருக்க வேண்டும். தலை இறகு புடைத்துக் கண்ணுக்கு மேல் வந்து நிற்க வேண்டும். கழுத்தில் ஆறு கறுப்புப் புள்ளிகள், பெரிதாக, வட்டமாக, இடைவெளி பிசகாமல். ஓரத்துப் புள்ளிகள் இரண்டும் கன்னத் திட்டுக்கு அடியில் பாதி மறைந்திருக்கும்.

என் ஏவியரியில் (பறவைக் கூடத்தில்) பறவைகளுக்கு உடம்பு நன்றாக வருகிறது, புள்ளிதான் சிறிசு. எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம் ஆகிவிட்டதால் கரு ஏறாத முட்டைகளும் கூடிக்கொண்டே போயின. வெளி ரத்தம் வேண்டும் என்று முடிவு செய்தேன். பல ஷோக்களில் பெரிய பரிசெல்லாம் நாமே பொரிக்க வைத்து, காலில் நம் ரிங் (அடையாள வளையம்) போட்ட பறவைக்குத்தான். அதனால் வெளியில் வாங்கும் பறவையை மேடை ஏற்றுவதற்காக வாங்குவதில்லை, அதன் குஞ்சுகளுக்காக வாங்குகிறோம். காசு கொடுப்பது வம்சத்துக்கு. வம்சத்தைக் கண்ணால் பார்க்க முடியாதே, அந்த இடத்தில்தான் இவர்கள் புகுந்து விளையாடுகிறார்கள்.

இந்த ஆள் விளையாடிய விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இது வழக்கமான விதம் இல்லை. மற்ற விற்பனையாளர்கள் எல்லாம் ‘சாம்பியன் லைன்’, ‘இம்போர்ட்டட்’ என்று தாங்களே கத்திக்கொண்டிருப்பார்கள். இவன் கத்தவில்லை, என்னை விசாரித்தான்.

“அண்ணா, முதல்ல உங்க ஏவியரிய வீடியோல காட்டுங்க. எப்படி வச்சிருக்கீங்கன்னு பாக்காம நான் பறவை குடுக்கறதில்ல.”

காட்டினேன். முட்டையிடும் பாக்ஸ் எல்லாம் ஒரே உயரத்தில் தொங்குகிறதா என்று கேட்டான். மேலே இருக்கும் பாக்ஸுக்குப் பெண் பறவைகள் அடித்துக்கொள்ளும் என்பது வளர்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரு பெண்ணை வருடத்துக்கு எத்தனை முறை அடை வைக்கிறீர்கள் என்றான். இரண்டுதான் என்றதும், “சரியா வச்சிருக்கீங்கண்ணா” என்றான். ஜோடி போடுவதற்கு முன்னால் எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகை வெட்டுகிறீர்களா என்றும் கேட்டான். ஷோ பறவைக்கு அங்கே இறகு மண்டிக்கிடப்பதால் முட்டை வெறும் முட்டையாகப் போகும். ஜான் கூல்ட் 1840இல் உயிரோடு பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோன கதையைக்கூடச் சொன்னான். பறவை கேட்பவனிடம் வரலாறு பேசுகிற ஆள்!

அப்புறம் விற்கப்போகும் ஆண் பறவையை ஷோ கூண்டில் விட்டுக் காட்டினான். கிரே கிரீன் நிறம். கொம்பில் நின்ற நிலையே தனி. செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வு என்று ஷோ விதியில் சொல்வார்களே, அப்படியே நின்றது. ஆறு புள்ளியும் மிளகை அடுக்கியது போல. கூடவே இரண்டு பெண்: ஒன்று நான்கு மாத ஓப்பலைன், இன்னொன்று நார்மல் கிரீன் (இரண்டும் நிற வகைகளின் பெயர்). மூன்றுக்கும் சேர்த்து 36,000.

பணத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டபோது, “ஆப் வழியாவே போடுங்கண்ணா, உங்களுக்குத்தான் சேஃப்டி” என்றான். என் சந்தேகத்தின் கடைசித் துளியும் அங்கே போனது. ஏமாற்றுகிறவன் வெளியே போடு என்பான், இவன் உள்ளே போடு என்கிறானே! அந்த ஆப்பில் பறவை உயிரோடு வந்து சேர்ந்ததும் பணம் விற்பவன் கணக்குக்குப் போய்விடும், பிறகு திரும்பாது என்பதை அவன் என்னைவிட நன்றாக அறிந்து வைத்திருந்திருக்கிறான்.

பெட்டி வந்தது. எப்போதும் போலப் புதுப் பறவைகளைத் தனி அறையில் விட்டேன். அதனால் மட்டும்தான் என் பழைய பறவைகள் இன்று பிழைத்திருக்கின்றன.

ஆணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நிறம் அதே கிரே கிரீன்தான். தலை இல்லை, நெற்றி இல்லை, புள்ளிகள் கடுகளவு, இடதுபக்கம் ஒன்று காணவே காணோம். போட்டோ எடுத்து அனுப்பினேன்.

“பயணத்துல புள்ளி கொட்டியிருக்கும்ணா. மோல்ட்ல திரும்ப வந்துரும்.”

இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். புள்ளி என்பது இறகு, கொட்டும், முளைக்கும். ஆனால் நெற்றியும் பயணத்தில் கொட்டுமா? 38 கிராம் இருந்தது அந்த ஆண்.

அடுத்து ஓப்பலைன் பெண். நான்கு மாதக் குஞ்சு என்றான். குஞ்சுக்குக் கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும், கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் மாதக்கணக்கில் மெல்லத்தான் தெளியும். இதற்கு வளையம் பளிச்சென்று இருக்கிறது. மூக்கோ பழுப்பேறி, தடித்து, பொருக்குத் தட்டிப்போய் இருக்கிறது. பெண் பட்ஜியின் மூக்கு அப்படி ஆவது அது அடைக்குத் தயாராகும்போது. எத்தனை முறை முட்டையிட வைத்து ஓய்ந்த பெண்ணோ, யார் கண்டது. கேட்டால், “நல்ல தீனி போட்டு வளத்ததுண்ணா, சீக்கிரம் மெச்சூர் ஆயிருச்சு.”

ரிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூடிய ரிங் என்பது குஞ்சு பொரித்து ஐந்து முதல் பத்து நாளுக்குள் காலில் போடுவது. பாதம் வளர்ந்த பிறகு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அதில் வளர்ப்பாளரின் குறியீடு, ஆண்டு, எண் எல்லாம் இருக்கும். ஒரு பறவையின் பிறப்புச் சான்று அதுதான். இந்த ஓப்பலைனின் காலைப் பிடித்து விரல்களைச் சேர்த்ததும் ரிங் என் கையோடு வந்துவிட்டது. வேறு பெரிய இனத்துக்குப் போடும் அளவு. ஆணின் ரிங்கை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அறுத்து மறுபடி ஒட்டிய கோடு தெரிந்தது. “ரிங் கொஞ்சம் லூஸா இருந்தாத்தான் சார் பறவைக்கு நல்லது” என்றான். கவனித்தீர்களா, அண்ணா போய் சார் வந்துவிட்டார்.

பெட்டிக்குள் ஒரு வம்சாவளித் தாளும் வைத்திருந்தான், அழகாக அச்சடித்து. அதன்படி ஓப்பலைனுக்கும் அதன் அப்பாவுக்கும் ரிங் ஆண்டு ஒன்றே. அதையாவது அச்சுப் பிழை என்று விட்டுவிடலாம். நார்மல் கிரீன் பெண்ணுக்கு நேரே ‘ஸ்ப்ளிட் லுட்டினோ’ என்று இருந்தது, அதாவது மஞ்சள் நிறக் குணத்தை வெளியில் காட்டாமல் உள்ளே சுமக்கிறதாம். பட்ஜியில் லுட்டினோ பாலினத்தோடு சேர்ந்து கடத்தப்படும் குணம். ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், ஒன்றில் மறைத்து வைத்துக்கொள்ளலாம். பெண்ணுக்கு இருப்பது ஒரே இசட். அதில் லுட்டினோ இருந்தால் பறவையே மஞ்சளாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஸ்ப்ளிட் பெண் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. இதைச் சொன்னதற்கு அவன் அனுப்பிய பதிலை அப்படியே தருகிறேன்: “எங்க ஏவியரில வரும் சார்.”

இயற்கையே இவன் ஏவியரிக்குத் தனிச் சட்டம் போட்டிருக்கிறது போல.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண் பறவை நாள் முழுக்கத் தீனித் தட்டிலேயே நின்றது. தின்கிறது என்று பார்த்தால், தினையை உரித்து உருட்டிக்கொண்டே இருக்கிறது, உடம்பு மட்டும் இளைக்கிறது. நெஞ்செலும்பு கத்தி போலக் கையில் தட்டியது. எச்சத்தில் செரிக்காத முழுத் தினை. பறவை மருத்துவர் எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து மெகாபாக்டீரியா என்றார். பெயரில்தான் பாக்டீரியா, உண்மையில் இரைப்பையில் வளரும் ஒருவகை ஈஸ்ட். ஆம்ஃபோடெரிசின் மருந்தை வாயில் விட்டோம். எடை 38இலிருந்து 29க்கு இறங்கி, ஒருநாள் காலையில் கூண்டின் தரையில் கிடந்தது. நார்மல் கிரீன் பெண்ணின் எச்சத்திலும் அதுவே இருந்தது. அதற்குத்தான் இப்போது மருந்து. ஓப்பலைனுக்கு இதுவரை எதுவும் காணவில்லை, ஆனால் ஒரு முறை எச்சத்தில் தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிட முடியாதாம்.

நியாயமாகவே பேசுகிறேன். இந்த நோயைப் பறவை வெளியில் காட்டாமல் ரொம்ப நாள் சுமந்துகொண்டிருக்கும், பயண அலைச்சலில் வெடிக்கும். நோயை மட்டும் வைத்து அவனை மோசக்காரன் என்று சொல்லமாட்டேன். அறுத்து ஒட்டிய ரிங்கையும் மாற்றி அனுப்பிய பறவையையும் வைத்துச் சொல்கிறேன்.

“இங்க இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு சார். உங்க தினைய செக் பண்ணுங்க” என்றான். அதற்குப் பிறகு, அடுத்த ஈட்டில் குஞ்சு வந்ததும் பாதி விலைக்குத் தருவதாக ஒரு குரல் செய்தி. 36,000 வாங்கியவன், இன்னும் காசு கேட்கிறான்! திட்டினேன், ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் அதிகமாகவே. பிளாக் செய்துவிட்டான்.

ஆப்பில் புகார் கொடுத்தால் முதலில் பேசுவது ஒரு இயந்திரம். ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று மூன்று முறை வருந்தியது. பிறகு ஒரு மனிதர் வந்து, பறவை உயிரோடு ஒப்படைக்கப்பட்டதற்குப் பதிவு இருக்கிறது, ஆகவே பரிவர்த்தனை வெற்றிகரமானது என்றார். வந்தது வேறு பறவை என்றேன். பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார். இருந்தது, அனுப்பினேன். பார்த்துவிட்டு, “இரண்டு பறவையும் ஒரே நிறமாகத்தானே சார் இருக்கின்றன” என்றார். ரிங் படம், மருத்துவர் சீட்டு எல்லாம் அனுப்பினேன். உயிருள்ளவற்றுக்குப் பணம் திரும்பத் தரும் வசதி இல்லை, நாங்கள் வெறும் இடைத்தளம்தான் என்று பதில். இடைத்தளம்! கமிஷன் எடுக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை. ஒரு நட்சத்திரம் போட்டு நான் எழுதிய விமர்சனம் அன்று மாலையே காணாமல் போனது. பச்சை முத்திரை அப்படியே இருக்கிறது.

ஆனால் அது காணாமல் போவதற்குள் ஒருவர் படித்துவிட்டு எனக்கு எழுதினார். அவரும் அதே ஆளிடம் வாங்கியவர். வீடியோ காலின்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினார். ஷோ கூண்டு, கொம்பு, அதே கிரே கிரீன் ஆண், அதே ஆறு புள்ளி. அவருக்கும் அதைத்தான் ‘விற்றிருக்கிறான்’. அவருக்கும் வந்து சேர்ந்தது வேறொன்று.

சரி, எச்சரிக்கை. விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், மருந்துக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாக எழுதுகிறேன். வீடியோவில் பறவையின் காலைப் பிடித்து ரிங் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், ரிங்கைக் கழற்றிக் காட்டு என்றும் சொல்லுங்கள், கழன்றால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். தராசில் வைத்து எடை காட்டச் சொல்லுங்கள். ‘ஸ்ப்ளிட் லுட்டினோ பெண்’, ‘ஸ்ப்ளிட் ஓப்பலைன் பெண்’ என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள், இரண்டும் ஒரே கதைதான். முடிந்தவரை நேரில் போய்க் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். எவ்வளவு தெரிந்தவர் கொடுத்தாலும் ஒரு மாதமாவது தனி அறை. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அந்த இரண்டு ரிங்குகளின் படமும் அந்த ஆணின் ஸ்கிரீன்ஷாட்டும் என்னிடம் இருக்கின்றன. அதே பறவையைக் காட்டி உங்களிடமும் யாராவது காசு கேட்டிருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். நாங்கள் இப்போது இரண்டு பேர், இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தால் சேர்ந்தே புகார் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.